முறம் போல் செய்த அடித்தகடு

திருப்பத்தூரில் உங்கள் தொழிற்பயிற்சிப் பள்ளி மேடையில் என்னை ஏற்றி நிறுத்தினீர்கள். மைக்கைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினீர்கள். வெல்டிங் வகுப்பிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அம்மா, நீங்க செஞ்ச வேலையிலயே பெரிய தப்பு இன்னாம்மா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை அவளை அதட்டி உட்காரவைத்தார்.

பஸ்ஸில் மலை ஏறும்போது அந்தப் பெண்ணுக்குத்தான் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வாயால் வராதது கையால் வருகிறதா என்று பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் தப்பு என்று எழுதியிருப்பதைச் சரி என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பின்பக்கம், பலா மரத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் வண்டி பழுது பார்க்கும் இடம். ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், ஒரு மோட்டார் சைக்கிள். நான் அங்கே பெருக்கத்தான் சேர்ந்தேன். பிறகு மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினேன். பிறகு கழுவியதைத் துடைத்து, எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமோ அப்படியே சாக்கின்மேல் அடுக்கினேன். ஒருநாள் அடுக்கியதை நானே பூட்டினேன். மூன்று வருஷம் இப்படிப் போனது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டகைக்குத் தலைமை கரீம் பாய். வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் இடத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே ஓயாத சத்தத்தில் ஒரு காது போய்விட்டது, இன்னொரு காது பாதி. அதனால் அவர் பேசுவது குறைவு. நானும் பேசமாட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாக்பீஸ் இருந்தது, அவ்வளவுதான். பாகத்தின்மேல் அவர் வட்டம் போட்டால், இங்கே பார். பெருக்கல் குறி போட்டால், தொடாதே. இரண்டு கோடு இழுத்தால், அரத்தால் தேய். நான் வேலை முடித்து அந்தக் குறிகளைத் துடைத்துவைப்பேன். துடைத்திருந்தால் முடிந்தது என்று அர்த்தம். சில நாட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தைகூட இருக்காது. பலா இலை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நாட்களை நினைத்தால், தண்ணீருக்கு அடியில் வேலை செய்தது போல இருக்கிறது.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அப்போதே அது பழைய வண்டி. அவர்கள் ஊரில் கால் தரையில் ஊன்றாமல் பாறைமேல் ஏறும் போட்டி உண்டாம். அதற்கென்றே செய்த வண்டி. வேகம் கிடையாது. ஒல்லியான உடம்பு, உயரமான வயிறு, சின்ன இருக்கை. டக்... டக்... டக்... என்று ஒவ்வொரு அடியாக எண்ணிவிடலாம். ஆற்றுக்கல்மேல் ஆடு நிற்பதுபோல நிற்கும். மலைக்காரர்கள் அதற்கு வெள்ளாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜீப் போகாத ஊர்களுக்கு வெள்ளாடுதான் போகும். காசநோய்க்காரர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுபோவது கம்பவுண்டர் தேவராசு. சந்தவாசல்காரர். கீழே அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். நானும் பாயும் பேசாததையெல்லாம் சேர்த்து அவர் ஒருவரே பேசிவிடுவார். "எக்கா, இந்தக் கொட்டாயிக்குள்ள வந்தா சாவு வூட்டுக்கு வந்த மாதிரி கீது. யாருனா ஒர்த்தர் தும்மவாவது தும்முங்க" என்பார்.

அந்த வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு தகடு உண்டு. டாக்டர் அதை ஸ்கிட் பிளேட் என்பாராம். நாங்கள் அடித்தகடு என்போம். இன்ஜினின் கூடு அலுமினியம். பாறையில் ஒருமுறை மோதினால் மண்சட்டி மாதிரி உடையும். உடைந்தால் மாற்றுக்கூடு இந்த நாட்டிலேயே கிடைக்காது. அந்த அடியை வாங்கிக்கொள்வதற்குத்தான் தகடு. வண்டியோடு வந்த தகடு ஒரு ஆவணி மாதம் கிழிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. பாய் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடியில் ஒரு வட்டம் போட்டார். பிறகு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். இது உன் வேலை என்று அதற்கு அர்த்தம். அதுவரை அப்படிக் கொடுத்ததில்லை.

எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் வேண்டும்.

முதலில் அச்சு. அட்டை எண்ணெயில் ஊறிவிடும். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படம் ஒன்று எடுத்தேன். கத்தரிக்கோலுக்கு வளையும், எண்ணெய்க்கு நனையாது, பின்னால் இருப்பதும் தெரியும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, படத்தை இன்ஜின் வயிற்றோடு பிடித்து, நான்கு போல்ட்டு இடத்தையும் ஆணியால் குத்திக்கொண்டேன். பிறகு படத்தை விலக்கிப் பிடித்தபோது வெயில் அதற்குள் வந்தது. யாரோ ஒருவருடைய நெஞ்சு. விலா எலும்புகள் மேகம் மாதிரி இருந்தன. அவற்றுக்கு நடுவே நான் குத்திய துளைகளில் வெளிச்சம் நட்சத்திரமாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ, தேவராசு வந்து என் காலைத் தட்டி, "எக்கா, தூங்கிட்டியா, செத்துட்டியா?" என்று கேட்டார்.

அடுத்தது தகடு. கண்டம் என்று கழித்துப்போட்ட ஒரு ஜீப்பின் கியர் பெட்டிக்கு அடியில் இருந்த இரும்பு. அச்சை வைத்து ஆணியால் கீறி, உளியால் வெட்டி, அரத்தால் ஓரம் தேய்த்தேன். கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, தண்டவாளத் துண்டின்மேல் வைத்து முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்தேன். ஒரே அடியாக வளைக்கக் கூடாது. காய்ச்சி நாலு தட்டு, மறுபடி காய்ச்சி நாலு தட்டு. தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே தீப்பெட்டி படுத்தபடி போய்வர வேண்டும். அது பாயின் அளவு. ஒட்டி வைத்தால் பாறை தகட்டை இடிக்கும், தகடு இன்ஜினை இடிக்கும், வைத்தும் பிரயோஜனமில்லை. போல்ட்டுத் தலை வெளியே நிற்காமல் தகட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாறை சீவிவிடும். எண்ணெய் இறக்கும் திருகுக்கு நேராக ஒரு ரூபாய் நாணயம் அளவு துளை. இரும்பும் இரும்பும் தொடுகிற இடத்தில் தோல் வாஷர். பாய் வாணியம்பாடியிலிருந்து தோல் துண்டு கொண்டுவந்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்திருப்பார்.

இதுவரை எல்லாம் சரி. இதற்குமேல் நானாக ஒன்று செய்தேன்.

பாறையில் இறங்கும்போது கல் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் தெறித்து இன்ஜினில் படுகிறது என்று தேவராசு சொல்லியிருந்தார். அதனால் தகட்டின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் மூன்று விரல் உயரத்துக்கு ஓரம் எழுப்பினேன். அச்சிலேயே அதற்கும் சேர்த்து வெட்டியிருந்தேன். மூலையில் எப்படி மடிய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கை தானாகவே மடித்தது. முடித்து நிமிர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது முறம். என் அம்மா கேழ்வரகு புடைக்கிற முறம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. என் கைக்குத் தெரிந்த வளைவு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓரங்கள் இருந்ததால் தகடும் விறைப்பாக நின்றது. தட்டினால் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

பாய் வந்து பார்த்தார். பின்பக்க ஓரத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மழையில் வெள்ளாடு போகாத ஊரில்லை. சேறும் தண்ணீரும் அந்த நாணயத் துளை வழியாக வடிந்துவிடும். தகட்டில் கீறல் மட்டும்தான், பள்ளம்கூட இல்லை. ஆஸ்பத்திரி மேனேஜர் ஐயா கொட்டகைப் பக்கம் வந்து, "இதையா இந்தப் பெண் செய்தது?" என்று கேட்டார். அவர் மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரர், மரியாதையானவர், ஆனால் பெண்பிள்ளை வண்டிக்கு அடியில் படுப்பது அவருக்குப் பிடிக்காது. என்னைத் துணி துவைக்கிற பக்கம் மாற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னவர். அவரே, சித்திரையிலிருந்து என்னைக் கொட்டகை ஆளாகவே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். காகிதம் தட்டச்சு ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. அந்த மூன்று மாதமும் நான் கால் தரையில் படாமல் நடந்தேன் என்றே சொல்லலாம்.

தை பிறந்தது. எங்கள் மலையில் அப்போது கொள்ளு அறுப்பு. பாறைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட, புதிதாகப் போட்ட தார் ரோட்டில் கொடியைப் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டி வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து மணியைப் பிரித்துவிடும். வண்டியே குறைவு என்பதால் வெள்ளாட்டுக்கு ரொம்பக் கிராக்கி.

"ஏ மாத்திரைக்காரரே! வந்ததுதான் வந்த, இன்னொரு சுத்து வந்துட்டுப் போ!"

"ஓட்டினா இன்னா குடுப்ப?"

"கொள்ளு ரசம் வச்சித் தர்றேன். குடிச்சா உன் வண்டியாட்டம் நீயும் பாறை ஏறுவ!"

தேவராசுவும் சிரித்துக்கொண்டே இரண்டு சுற்று வருவார். நானே காலையில் வேலைக்கு வரும்போது எங்கள் அம்மாவோடு சேர்ந்து ரோட்டில் கொடி பரப்பிவிட்டுத்தான் வருவேன். கையில் கொள்ளுத் தூசியோடு வந்து, அதே கையால் அந்தத் தகட்டின் போல்ட்டை முறுக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் புத்திக்கு எட்டவில்லை. மழைக்குச் செய்த தகட்டை அறுப்புக்கு அனுப்பியிருந்தேன்.

ஒருநாள் மதியம் வெள்ளாட்டை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வண்டியின் வலப்பக்கம் கருகியிருந்தது. மாத்திரைப் பை பாதி எரிந்திருந்தது. தேவராசுவின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து புகை வந்ததாம். இறங்குவதற்குள் தீ. கையாலேயே அடித்து அணைத்திருக்கிறார்.

இரண்டு ஊர்க்காரர்களுக்கு அந்த மாத மாத்திரை பத்து நாள் தாமதமாகத்தான் போனது. அது சின்ன விஷயமில்லை. காசநோய் மாத்திரை நடுவில் நிற்கக் கூடாது.

தேவராசு பீடி குடிப்பார். வண்டிமேல் குடிக்காதே என்று மேனேஜர் ஐயா எழுத்திலேயே எச்சரித்திருந்தார். அதனால் விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வேலையிலிருந்து எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு.

தேவராசு கொட்டகைக்கு வந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பீடி குடிச்சியா?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கே சந்தேகமா கீதுக்கா. காதுல சொருகி வச்சிருந்தேன். பத்த வச்சேனா இல்லியான்னு எத்தினியோ வாட்டி யோசிச்சிப் பாத்துட்டேன். குடிச்சிக் குடிச்சி, குடிக்காத நேரம் எதுன்னே தெரியல." பிறகு சிரிக்கப் பார்த்தார். "மூணு பொட்டப் பசங்க. போய் இன்னான்னு சொல்றது? அப்பன் வேலையப் பொகச்சிட்டான்னா?"

அவர் போன பிறகு தகட்டைக் கழற்றினேன். கவிழ்க்காமல், தட்டு ஏந்துவது மாதிரி ஏந்தி, சாக்கின்மேல் வைத்தேன். உள்ளே கொள்ளுக்கொடி அடை மாதிரி அமுங்கிக் கிடந்தது. முன்சக்கரம் வாரி வீசியதெல்லாம் மூன்று பக்க ஓரத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் கசிகிற எண்ணெய் அதில் ஊறியிருந்தது. ஆணியால் அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். மேல் அடுக்கு பழுப்பு, அங்கங்கே பச்சைகூட இருந்தது. அடியில் போகப்போகக் கரி. புகைக்குழாய் உரசுகிற வலப்பக்க ஓரத்தில், அடிமட்டத்தில், வெறும் சாம்பல். பீடி நெருப்பு மேலிருந்து விழுந்திருந்தால் மேல்தான் முதலில் எரியும். இது அடியிலிருந்து எரிந்திருக்கிறது. சூடான குழாயோடு சேர்த்து நாலு வாரமாக நான் அவித்துவைத்த கொடி.

நிமிர்ந்தபோது பாய் நின்றுகொண்டிருந்தார். குனிந்தார். அந்தச் சாம்பலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சாக்பீஸைத் தகட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் தேவராசு போய்விடுவார், நான் சித்திரையிலிருந்து கொட்டகை ஆள். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பெரிய வேலையே இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் கொள்ளு புடைத்தாள். தூசி முறத்தின் முன்வாய் வழியாகப் பறந்து, வெயிலில் பொன் மாதிரி போய்க்கொண்டிருந்தது. மணி பின்னோரத்தில் சேர்ந்து நின்றது. சர்ர்... சர்ர்... என்று அந்தச் சத்தம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாடி, முறத்தப் பாக்காதவளாட்டம் பாக்குற?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலை தகட்டை அப்படியே சாக்கோடு தூக்கிக்கொண்டு மேனேஜர் ஐயா அறைக்குப் போனேன். தேவராசு ஏற்கனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஐயா என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.  தகட்டை மேஜைமேல் வைத்தேன். கரியும் கொடியும் அவர் காகிதங்கள்மேல் சிந்தின.

"ஐயா, இது முறம்" என்றேன்.

அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னது?"

"முறம்ங்க. நான் செஞ்சது. ஓரம் எழுப்பிட்டேன். கொடியெல்லாம் உள்ள தங்கிச்சிங்க. அடியிலதான் எரிஞ்சிருக்குது, மேல எரியல. பீடி இல்லைங்க."

அவ்வளவுதான் பேசினேன். அடுக்குகளைப் பிரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, பென்சிலால் கிளறி, நெடுநேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துத் தேவராசு பக்கம் தள்ளினார். இன்னொரு கையால் என் பெயர் இருந்த காகிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கோபமாகப் பேசவில்லை. "நாளையிலிருந்து துணிப்பக்கம் போம்மா" என்றார்.

வெளியே வந்ததும் தேவராசு கட்டுப்போட்ட கைகளைக் கும்பிடுகிற மாதிரி சேர்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். "எக்கா, என் பீடியக் காப்பாத்திட்ட" என்றார்.

துணிப்பக்கம் மோசமில்லை. ஓடைத் தண்ணீர், வேப்ப மரம், வரிசை வரிசையாகக் கயிறு. காலையில் நூறு வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருக்கும். காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கும், நடுவில் நின்றால் மேகத்துக்குள் நிற்பதுபோல இருக்கும். அங்கிருந்து கொட்டகை தெரியாது. ஆனால் வெள்ளாடு கிளம்புவதும் வருவதும் கேட்கும். டக்... டக்... டக்... ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணி உதறுவேன்.

பாய் தகட்டின் ஓரங்களை உளியால் வெட்டிவிட்டு வெறும் பலகையாக மாட்டியிருந்தார். கொடி தங்கவில்லை. ஆனால் அந்த டக் டக்குக்குப் பின்னால் புதிதாக ஒரு முனகல் கேட்டது. தகரம் அதிர்கிற சத்தம். ஓரம் இல்லாததால் தகட்டுக்கு விறைப்புப் போய்விட்டது. அது அதிர அதிரப் போல்ட்டு தளரும். பாயின் காதுக்கு அது கேட்காது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். ஆள் இல்லை. கதவில் சாக்பீஸால் நான்கு போல்ட்டுக்கும் நான்கு புள்ளி வைத்து, முன்பக்க இடது புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வட்டம் துடைத்திருந்தது. வண்டி முனகாமல் போனது. எட்டு நாளில் மறுபடியும் முனகியது. மறுபடியும் வட்டம் போட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்க நாங்கள் இப்படியே கதவில் பேசிக்கொண்டோம்.

ஆனியில் ஒருநாள் நான் துவைக்கிற கல்மேல் ஏதோ பளபளத்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். என் பழைய எக்ஸ்ரே அச்சு. ஓரங்களைப் பாய் கத்தரியால் வெட்டியிருந்தார். நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம். பறக்காமல் இருக்க மேலே ஒரு கூழாங்கல்.

இங்கே பார். அதைத்தான் கேட்டிருந்தார். ஓரம் இல்லாமல் விறைப்பு எங்கிருந்து வரும்?

ஈரக் கையோடு படத்தைத் தூக்கி வானத்துக்கு நேராகப் பிடித்தேன். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. நடுவில் மேலிருந்து கீழாக முதுகெலும்பு, கணு கணுவாக. அந்த மனுஷர் யாரோ, பிழைத்தாரோ இல்லையோ, நிமிர்ந்து நிற்பதற்கு அவர் உடம்பின் ஓரத்தை எழுப்பிக்கொள்ளவில்லை. நடுவில்தான் எல்லாம் இருந்தது. நான் ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு அந்த முதுகெலும்பின் மேலேயே நீளமாக ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டில் தகட்டை லேசாக, கூரை முகடு மாதிரி மடித்துவிட வேண்டும். விழுகிறது இரண்டு பக்கமும் சரிந்து வெளியே போய்விடும். தகடும் நிற்கும். படத்தைக் கொட்டகைக் கதவில் சொருகிவிட்டு வந்தேன்.

மற்றதைத் தேவராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். துணிப்பக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்து நடித்தே காட்டினார்.

"பாய் போய் மேனேஜரு முன்னாடி நின்னாரு. 'என்ன பாய்?'ன்னாரு. பாய் பேசல. இந்தப் படத்த ஜன்னல்ல வச்சி அமுக்கிக் காட்னாரு. மேனேஜரு பதறிப்போய், 'ஐயோ, யாருக்கு டீபி?'ன்னாரு. பாய் சொன்னாரு, 'வண்டிக்கு.' மேனேஜரு வாயத் தொறந்தவரு மூடல. 'இத அடிக்க ஆள் வேணும்'னாரு பாய். 'நீங்களே அடிங்களேன்'னாரு. அதுக்குப் பாய் இன்னா சொன்னாரு தெரியுமா? 'எனக்கு அது பாட்றது கேக்காது. அந்த அம்மாவுக்குக் கேக்குது.' பாய் ஒரே நாள்ல இத்தினி பேசினாருன்னு அவரு வூட்டுக்காரம்மாகிட்ட சொன்னா நம்பமாட்டாங்க!"

நான் திரும்பிப் போன அன்று உலையில் கரி எரிந்துகொண்டிருந்தது. பாய் துருத்தியைப் பிடித்தார், நான் சுத்தியலைப் பிடித்தேன். நடு முகட்டைத் தட்டி முடித்துத் தண்ணீரில் தோய்த்தபோது, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கே ஓரத்துல வட்டம் போட்ருக்கணும்மா. நீ சிரிச்சிக்கினு இருந்த. மனசு வரல. அது ரெண்டு பேரு தகடு."

நான் தகட்டின்மேல் ஒரு வட்டம் போட்டு, உடனே துடைத்துவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

தையில் மூடிய காகிதம் ஆவணியில் கையெழுத்தானது. அந்தத் தகடு வெள்ளாடு நின்றுபோகிற வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குமேல் அந்தக் கொட்டகையில் எத்தனையோ செய்தேன். இந்த அளவு சொல்வதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

கேள்வி கேட்ட பெண்ணே, உன் பெயர் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தோடு அந்த எக்ஸ்ரே அச்சையும் மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் பட்டறை ஜன்னலில் ஒட்டிவையுங்கள். நான்கு துளையிலும் வெளிச்சம் வரும். நடுவில் சாக்பீஸ் கோடு மங்கலாகத்தான் தெரியும், அது போனால் போகட்டும். ஓரத்தைப் பார். விலா எலும்பெல்லாம் பாதியில் நிற்கிறது அல்லவா, நீ கேட்ட தப்பு அங்கேதான் இருந்தது.